தாளும் ஆளும்

தீக்குக் கண் இல்லை. ஓலைக் குடிசையா, ஓங்கி நிற்கும் மாளிகையா என்று அது உற்று நோக்குவதில்லை. ஏட்டை எரிக்கும் நாவால்தான் வீட்டையும் எரிக்கிறது; தாளைத் தின்னும் வாயால்தான் ஆளையும் தின்னுகிறது. அதனிடம் நீதி கேட்பார் எவருமில்லை. ஆனால், தீ அடங்கிச் சாம்பல் ஆறிய பின்னர், அந்தச் சாம்பலைக் கிளறி, எரிந்தது எது, எரித்தவர் யார், எதற்காக எரித்தார், அதனால் அழிந்தவர் எவர் என்று கேட்க வேண்டிய கடமை ஓரிடத்துக்கு உண்டு. அந்த இடத்தைத்தான் நீதிமன்றம் என்று அழைக்கிறோம்.

அந்த மன்றம் எரிப்பு வழக்குகளை எவ்வாறு எடைபோட்டிருக்கிறது? தாள் எரிந்தபோது என்ன சொன்னது? ஆள் எரிந்தபோது என்ன சொன்னது? இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும், தோழர்களே! கோயில் வாயிலில் மட்டுமன்று, நீதிமன்ற வாயிலிலும் 'ஏன்?' என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

நாம் ஒரு பள்ளியில் வரலாறும் குடிமையியலும் கற்பிப்பவர். கல்லூரிப் பட்டத்தோடு இப்பணிக்கு வந்து ஆண்டுகள் சிலவே ஆயின. சென்ற ஆண்டு, நாட்டுச் சின்னங்களைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். கொடியையோ அரசமைப்புச் சட்டத்தையோ பொதுமக்கள் பார்க்க எரிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு என்று சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, தாளை எரித்தால் மூன்று வருசம். வெண்மணியில் நாற்பத்து நாலு பேரை எரித்தார்களே, அவர்களுக்கு எத்தனை வருசம்?" என்றாள். நாகை வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளியின் மகள் அவள். பாட்டி சொன்ன செய்தியைப் பாடநூலோடு பொருத்திப் பார்த்திருக்கிறாள்! "முடிவில் ஒருவருக்கும் தண்டனை நிற்கவில்லை, அம்மா" என்றோம். வகுப்பு வாயடைத்தது. "ஏன் ஐயா?" என்று அவள் அடுத்துக் கேட்டாளே, அதற்கு விடை சொல்ல ஒரு பாடவேளை போதாது. அதற்காகவே தீர்ப்புகளையும் அவற்றைப் பற்றிய நூல்களையும் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றுள் சிலவற்றை இங்கே வைக்கிறோம்.

சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது?

1860இல் வெள்ளையர் ஆக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், தீயைப் பற்றி இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து நின்றன. 435ஆம் பிரிவு பொருளைப் பற்றியது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைத் தீயிட்டு அழித்தால், விளைபொருளாக இருப்பின் பத்து ரூபாய் அளவுக்கு அழித்தாலே, ஏழாண்டு வரை சிறை. 436ஆம் பிரிவு வீட்டைப் பற்றியது. மனிதர் குடியிருக்கும் இடத்தையோ, வழிபாட்டு இடத்தையோ, பொருள் காக்கும் இடத்தையோ எரித்து அழித்தால், ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரையிலான சிறையோ கிடைக்கும். 2024 ஜூலை முதல் நாளில் அந்தப் பழைய சட்டம் விலகிப் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பின்னரும், அவ்விரு பிரிவுகளும் 326ஆம் பிரிவுக்குள் குடியேறித் தொடர்கின்றன. 1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. பட்டியல் சாதியாரோ பழங்குடியினரோ குடியிருக்கும் வீட்டை, அவர்களைச் சாராத ஒருவர் தீயிட்டு அழித்தால் ஆயுள் தண்டனை என்று அது விதித்தது.

இவற்றுக்கு எதிரே, 1971ஆம் ஆண்டின் நாட்டுச் சின்ன அவமதிப்புத் தடுப்புச் சட்டம். கொடியையோ அரசமைப்பையோ பொது இடத்தில் எரித்தால் மூன்றாண்டு வரை சிறை.

பார்த்தீர்களா? ஏட்டில் தொங்கும் தராசு சரியாகத்தான் இருக்கிறது! தாளுக்கு மூன்று, பொருளுக்கு ஏழு, வீட்டுக்கு ஆயுள், உள்ளே ஆள் எரிந்தால் அது கொலை. எழுத்தில் குறையில்லை. அந்தத் தராசைப் பிடித்த கை எப்படிச் சாய்ந்தது என்பதுதான் நம் கேள்வி.

கடல் கடந்த மூன்று தீ

எரிப்பு வழக்குகளை நுணுகி ஆராய்ந்த மன்றங்களுள் அமெரிக்க உச்சநீதிமன்றம் முன்னிற்கிறது. அங்கே எரிந்த மூன்று பொருள்களைப் பார்ப்போம்: ஓர் அட்டை, ஒரு கொடி, ஒரு சிலுவை.

வியட்நாமில் குண்டு மழை பொழிந்த காலம். 1966 மார்ச் 31ஆம் நாள், பாஸ்டன் நகரின் தென்பகுதியில் நீதிமன்றப் படிகளில் நின்று, டேவிட் ஓபிரையன் என்ற இளைஞர் தம் படைச்சேர்ப்புப் பதிவு அட்டையைக் கொளுத்தினார். போரை வெறுக்கிறோம் என்று உலகுக்கு உரைப்பதே அவர் நோக்கம். 1968இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. அட்டை அரசின் நிர்வாகத்துக்குத் தேவையானது. அதை அழிப்பதைத் தடுப்பது கருத்தைத் தடுப்பது ஆகாது என்றது. எதிர்ப்பாளரை அடக்கவே அந்தத் தடை 1965இல் கொண்டுவரப்பட்டது என்ற வாதம் எடுபடவில்லை. ஆயினும் அத்தீர்ப்பு ஓர் அளவுகோலை விட்டுச் சென்றது: அரசு தடுக்க விரும்புவது செயலின் தீங்கையா, அன்றிச் செயல் பேசும் கருத்தையா?

அந்த அளவுகோல் அடுத்த தீயில் பயன்பட்டது. 1984இல் டல்லாஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, கிரெகரி லீ ஜான்சன் என்பவர் அமெரிக்கக் கொடியை எரித்தார். எவருக்கும் காயமில்லை, பார்த்தவர் சிலர் மனம் புண்பட்டது. டெக்சாஸ் மாநிலம் அவருக்கு ஓராண்டுச் சிறையும் இரண்டாயிரம் டாலர் தண்டமும் விதித்தது. 1989 ஜூன் 21ஆம் நாள், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் ஜான்சனை விடுவித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். ஒரு கருத்து பலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அரசு அதைத் தடை செய்ய முடியாது என்பது அவர் முடிவு. கொடியை எரிப்பவனுக்கு ஏற்ற விடை, நாம் நம் கொடியை உயர்த்திப் பிடிப்பதுதான் என்றார். உடன்பட்டவர்களுள் ஒருவரான நீதிபதி கென்னடி, இம்முடிவு தமக்கு வேதனை தருகிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். வேதனை தந்தாலும் சட்டம் காட்டும் வழி அதுவே என்றார். நீதிபதி என்பவர் தம் நெஞ்சின் வெறுப்பை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ? உடனே அந்நாட்டு நாடாளுமன்றம் புதிய கொடிக் காப்புச் சட்டம் செய்தது. 1990இல் அதையும் அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் மன்றம் வீழ்த்தியது.

மூன்றாவது தீ, சிலுவை. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறியர் கூட்டம் கறுப்பின மக்களை அச்சுறுத்த, இரவில் சிலுவை நட்டுக் கொளுத்துவது வழக்கம். 1998இல் வர்ஜீனியா மாநிலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்றில், நிலத்துக்கு உரியவரின் இசைவோடு ஒரு வயலில் கூட்டம் போட்டுச் சிலுவை எரித்தனர். மற்றொன்றில், கறுப்பின அண்டைவீட்டாரின் முற்றத்தில் நுழைந்து சிலுவையை எரிக்க முயன்றனர். 2003இல் உச்சநீதிமன்றம் சொன்னது இது: அச்சுறுத்தும் நோக்கோடு எரிப்பதைச் சட்டம் தடுக்கலாம்; அது கருத்தன்று, மிரட்டல். ஆனால், எரித்தான் என்பதை மட்டும் வைத்தே அச்சுறுத்த எண்ணினான் என்று முடிவு கட்டக் கூடாது. நோக்கத்தைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

மூன்று தீயையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு நெறி புலப்படுகிறது. தீ அருவருப்பானதா என்பதன்று கேள்வி. எத்தனை பேர் சினந்தனர் என்பதுமன்று. அத்தீயால் எந்த மனிதனுக்குத் தீங்கு நேர்ந்தது, எந்த மனிதன் அஞ்சி நடுங்கினான் என்பதே கேள்வி. அங்கும் இன வெறி மடியவில்லை. அங்கும் மன்றங்கள் ஏழைக்கு எதிராகச் சாய்ந்ததுண்டு. ஆயினும், மனப்புண் வேறு, உடற்புண் வேறு என்ற இந்த வேறுபாட்டை எங்கிருந்து வந்தாலும் ஏற்கலாம்.

இங்கே எரிந்த தாள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1957 நவம்பர் 3ஆம் நாள் தஞ்சையில் கூடிய மாநாட்டில், சாதிக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவுகளை நீக்காவிடில் அரசமைப்புச் சட்டத்தை எரிப்போம் என்று பெரியார் அறிவித்தார். நாள் குறித்து, ஊருக்கு உரைத்து, அரசுக்கு அவகாசமும் கொடுத்தார். சென்னைச் சட்டமன்றம் விரைந்து கூடிற்று. சாதியை ஒழிக்கவா? இல்லை! எரிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் செய்ய! நவம்பர் 26ஆம் நாள், பெரியார் முன்னதாகவே கைது செய்யப்பட்ட பின்னரும், ஊர்தோறும் தொண்டர்கள் எரித்தனர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் சிறை சென்றனர் என்று இயக்கத்தின் பதிவுகள் கூறுகின்றன. சிறையிலேயே மாண்டவரும் உண்டு.

நீதிமன்றத்தில் அவர்கள் எப்படி நடந்துகொண்டனர் என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். 'நான் எரிக்கவில்லை' என்று ஒருவர் கூறினாரா? 'அவ்வேளையில் நான் வேறூரில் இருந்தேன்' என்று சாட்சி தேடினாரா? எரித்தோம் என்றனர், இன்ன காரணத்துக்காக எரித்தோம் என்றனர், எதிர்வழக்காடாமல், தண்டனையை ஏற்றுச் சென்றனர். பகலில் எரித்தவர்கள் அவர்கள். பலர் பார்க்க எரித்தவர்கள்.

1963இல் இந்தி ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கப் புறப்பட்ட அண்ணா, எரிக்கும் முன்னரே கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். 1986இல் அதே பகுதியின் படியை எரித்ததற்காகப் பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட பத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தனர். தாளை எரித்தவருக்குச் சட்டத்தின் கை எத்தனை விரைவாக எட்டியது என்பதற்கு இவை சான்று.

இதற்காக நாம் ஒப்பாரி வைக்கவில்லை. சட்டத்தை மீறிக் கருத்தை உரைப்பவன் அதற்குரிய தண்டனையை ஏற்பதும் அறப்போரின் ஒரு பகுதியே. 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அரசமைப்பையோ கொடியையோ சட்டவழியில் மாற்றக் கருதிச் செய்யும் கண்டனமும் குறைகூறலும் குற்றமாகா என்ற விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே: தாளின் மீது இத்தனை விழிப்பாக இருந்த சட்டத்தின் கண், ஆளின் மீது எங்கே போயிற்று?

ஒரே நாள், இரண்டு நெருப்பு

1927 டிசம்பர் 25. மராட்டிய மண்ணில் மகத் என்னும் ஊர். பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டனர். அம்பேத்கர் தலைமையில் அன்று மனுநூல் எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பார்ப்பனர் என்பதையும் மறவாதீர்! எவர் வீடும் அன்று எரியவில்லை; எவர் உடலும் கருகவில்லை. குளத்து வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கி, பத்தாண்டு கழித்து 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்பேத்கர் பக்கம் வென்றது. ஒரு குவளைத் தண்ணீருக்குப் பத்தாண்டு!

சரியாக நாற்பத்தோராண்டு கழித்து, 1968 டிசம்பர் 25. தஞ்சை மாவட்டத்தின் கீழைப் பகுதி, கீழவெண்மணி. நெல் விளையும் பூமியில், நெல்லை விளைப்பவர் இன்னும் அரைப்படி நெல் கூலியாகக் கேட்டனர். செங்கொடியின் கீழ்ச் சங்கம் அமைத்தனர். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலக்கிழார்கள் திரண்டிருந்தனர். அன்று மாலை நிகழ்ந்த மோதலில் நிலக்கிழார் தரப்பின் ஆள் ஒருவர் இறந்தார். இரவில் அடியாட்கள் சேரியைச் சூழ்ந்தனர். ஓட முடிந்தவர் ஓடினர். ஓட முடியாத பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் ஒரு சிறு குடிசைக்குள் ஒடுங்கினர். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. நாற்பத்து நான்கு பேர் கருகினர். அப்போது இங்கே நடந்தது நம் இயக்கத்தின் ஆட்சிதான். அதை மறைத்துப் பேசினால் நாம் பகுத்தறிவாளர் ஆகோம். கூலியை ஆராயக் கணபதியாபிள்ளை ஆணையம் அமர்ந்தது. 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. கேட்ட அரைப்படிக்குச் சட்டம் வந்தது. போன நாற்பத்து நான்கு உயிருக்கு?

இரண்டு வழக்குகள் நடந்தன. மாலை மோதலில் இறந்த ஒருவருக்கான வழக்கில் தொழிலாளர் தரப்பினர் தண்டனை பெற்றுச் சிறை சென்றனர். இரவில் எரிந்த நாற்பத்து நால்வருக்கான வழக்கில் இருபத்து மூவர் குற்றம் சாட்டப்பட்டனர். 1970இல் நாகையில் நடந்த விசாரணையின் முடிவில், அவர்களுள் சிலருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

ஏன் விடுவித்தது? இங்கேதான் நம் மாணவியின் கேள்விக்கு விடை இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட இருபத்து மூவருமே மிராசுதார்களாய் இருப்பது வியப்பளிக்கிறது என்று அத்தீர்ப்பு கருதிற்று. அவர்கள் செல்வர்கள், பரந்த நிலங்களுக்கு உரியவர்கள், ஒருவருக்கு மகிழுந்தும் உண்டு. இத்தகையோர் வேலையாள் துணையின்றித் தாமே நடந்து சென்று வீடுகளுக்குத் தீ வைத்தனர் என்பது நம்பக் கடினமாயிருக்கிறது என்றது. பசித்த கூலிக்காரரைப்போலன்றிச் செல்வர் தம்மைக் காத்துக்கொண்டு பின்னால் இருப்பரே என்றும் எண்ணிற்று.

மகிழுந்து உடையவன் நடக்க மாட்டானாம்! நிலம் உடையவன் நெருப்பைத் தொட மாட்டானாம்! தோழர்களே, இது சாட்சியத்திலிருந்து பிறந்த முடிவா, சமுதாயத்திலிருந்து பிறந்த முடிவா? நீதிக்குத் தேவதை ஒன்று இருப்பதாக நாம் நம்புவதில்லை. ஆயினும் அவள் உருவத்தின் கண்ணைக் கட்டி வைத்ததன் கருத்தை மதிக்கிறோம். எதிரே நிற்பவன் ஏழையா செல்வனா என்று பாராமல் தீர்ப்பளிக்கவே அந்தக் கட்டு. 1973இல் அந்தக் கட்டுத் துணி சற்றே விலகிற்று; விலகிய ஓரத்தில் மகிழுந்து தெரிந்தது! 2024இல் உச்சநீதிமன்றத்தில் நிறுவிய புதிய நீதிச் சிலைக்குக் கண்கட்டே இல்லை. நல்லது, திறந்த கண் சாம்பலை நோக்கட்டும், செல்வத்தை நோக்கற்க என்பதே நம் விழைவு.

ஐயம் என்னும் அறம்

இவ்விடத்தில் சட்டம் படித்த நண்பர் ஒருவர் நம்மோடு வாதிட்டார். "ஐயத்தின் பயனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அளிப்பதுதானே நாகரிக நாட்டின் நெறி? நூறு குற்றவாளி தப்பினும் ஒரு குற்றமற்றவன் தண்டிக்கப்படக் கூடாதென்று நீர்தானே மேடையில் பேசுகிறீர்?" என்றார். நல்ல கேள்வி. விடை சொல்லியாக வேண்டும்.

ஐயத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. அந்நெறி இல்லையேல் முதலில் தூக்கில் தொங்குபவன் ஏழைதான். இருளில் முகம் தெரிந்ததா, சாட்சி அங்கே இருந்தாரா, சொல்லில் முரண் உண்டா என்று கேட்டு எழும் ஐயம் அறத்தின் பாற்பட்டது. அத்தகைய ஐயத்தால் ஒருவன் விடுதலை பெற்றால், அவன் நிலக்கிழாரே ஆயினும் நாம் தலை வணங்குவோம். ஆனால், 'இவன் செல்வன், ஆகவே செய்திருக்க மாட்டான்' என்று எழும் ஐயம் எப்பாற்பட்டது? 'இவன் ஏழை, ஆகவே திருடியிருப்பான்' என்ற முடிவின் உடன்பிறப்பல்லவா அது? ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்க வேண்டும். மனு எழுதிய தண்டனைப் பட்டியலில் குற்றத்தைப் பார்த்தா தண்டனை? பிறப்பைப் பார்த்தல்லவா! மகத்தில் எரிந்த ஏட்டின் சாம்பல், வேறு வேடத்தில் வேறொரு மன்றத்தின் மேசைமீது வந்து படிந்தது என்றால் அது மிகையாகாது.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தீர்ப்பைப் படிக்க வேண்டும்" என்றார். அதுதான் நமக்கும் வேண்டுவது!

பேருந்தில் மூவர்

ஆசிரியராக இருக்கும் நம் நெஞ்சை விட்டு அகலாத தீ மற்றொன்று உண்டு. 2000 பிப்ரவரி 2ஆம் நாள், தருமபுரி அருகே, கல்விச் சுற்றுலாவிலிருந்த வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேருந்துக்குக் கட்சிக்காரர்கள் தீயிட்டனர். ஓர் அரசியல் தலைவருக்கு எதிராக நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கண்டித்தாம்! மூன்று மாணவியர் உள்ளேயே எரிந்து மாண்டனர். நாமும் ஆண்டுக்கொருமுறை மாணவியரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கிறோம். பேருந்தில் ஏறும்போது கதவையும் அவசர வழியையும் பார்த்த பின்னரே அமர்கிறோம். தலைகளை எண்ணி ஏற்றும் போதெல்லாம் அந்த மூவர் நினைவில் வந்து நிற்கிறார்கள்.

இவ்வழக்கில் 2007இல் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும், 2010இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2016இல் மறுஆய்வில், கூட்டத்தின் வெறியில் நிகழ்ந்தது, முன்பகை இல்லை, குறித்த எவரையும் கொல்லும் திட்டம் இல்லை என்று கூறி ஆயுள் தண்டனையாகக் குறைத்தனர். 2018இல் அரசு அவர்களை முன்விடுதலை செய்தது. தூக்கை நாம் விரும்புவதில்லை. உயிருக்கு உயிர் என்பது காட்டு நீதி. குறைத்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆயினும், தலைவருக்காகத் தீ எடுத்தவன், தான் எவரையும் கொல்ல எண்ணவில்லை என்று சொல்ல முடிகிற அளவுக்கு, உள்ளே இருப்பவர் யார் என்று பாராமலே தீ வைக்கும் அரசியல் இங்கே வளர்ந்ததே, அதற்கு யார் பொறுப்பு? தாளை எரிக்கும் போராட்டத்துக்கும் ஊர்தியை எரிக்கும் வெறிக்கும் உள்ள தொலைவை அளந்து பாருங்கள். முன்னது தன்னை ஒறுத்துக்கொள்வது. பின்னது பிறரை ஒறுப்பது. எக்கட்சிக் கொடி பிடித்தாலும் பின்னதை நாம் ஏற்கலாகாது.

வடக்கே ஒரு சிதை. 1987 செப்டம்பர் 4ஆம் நாள், இராசத்தானத்தின் தேவராலா ஊரில், பதினெட்டு வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தார். 1829இலேயே வங்கத்தில் தடை செய்யப்பட்ட கொடுமை! அதே ஆண்டு புதிய சதி தடுப்புச் சட்டம் வந்தது. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் 1996இல் விடுதலை. அச்சாவைப் போற்றிப் புகழ்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டோருள் எஞ்சியிருந்த எண்மரும் 2024இல் விடுதலை. ஊரே பார்க்க எரிந்த தீக்குச் சாட்சி இல்லை!

நாம் செய்ய வேண்டுவது

ஆக, குறை சட்டத்தின் எழுத்தில் இல்லை. தாள் எரிந்த வழக்கில் எரித்தவனே சாட்சி. அவன் ஒப்புக்கொண்டு நின்றான். ஆள் எரிந்த வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவன், எரித்தவனுடைய வயலில் மறுநாள் கூலிக்குப் போக வேண்டியவன். கடன் அவனிடம், குடியிருக்கும் மனை அவனுடையது, குடிநீர்க் கிணறும் அவனுடையது. அந்தச் சாட்சியின் நாவை அச்சம் கட்டுகிறது. ஆண்டுகள் அதை மறதியில் ஆழ்த்துகின்றன. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் குடியிருப்பும் அண்டைக் குடியிருப்புகளும், ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு எரிக்கப்பட்டபோது, ஆயுள் தண்டனை விதிக்கும் சட்டம் வந்து இருபத்து மூன்றாண்டு ஆகியிருந்தது. சட்டம் இருந்தது, அச்சம் இல்லை, எரித்தவனுக்கு!

ஆகவே இளைஞர்கள் முன்னே சில பணிகளை வைக்கிறோம். தீயிட்ட செய்தி வந்தால் அன்றே அவ்வூருக்குச் செல்லுங்கள். சாட்சி சொல்ல முன்வரும் ஏழையின் பக்கத்தில் வழக்கு முடியும்வரை நில்லுங்கள். அவனுக்கு வேலையும் குடியிருப்பும் வேறிடத்தில் கிடைக்க வழி செய்யுங்கள்; வீரவுரையைவிட அது பெரிது. சாம்பலும் மண்ணெண்ணெய்ப் படிவும் மழையில் கரையும் முன்னர்த் தடய ஆய்வுக்குச் செல்லவேண்டும் என்று வற்புறுத்துங்கள். விசாரணையும் மேல்முறையீடும் ஆண்டுக் கணக்கில் உறங்காதிருக்க முறையிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்து, படிப்பகங்களில் உரக்கப் படியுங்கள். நீதிபதியைப் பழித்தல் நம் பணியன்று. தீர்ப்பை ஆராய்தல் குடிமகனின் உரிமை. ஆராயப்படும் தீர்ப்பே அடுத்த தீர்ப்பைத் திருத்தும்.

கீழவெண்மணியில் ஆண்டுதோறும் டிசம்பர் 25ஆம் நாள் மக்கள் கூடி மலர் வைக்கின்றனர். மலர் வைப்பதோடு கடன் தீர்ந்ததாக எண்ணற்க. எரிந்தது தாளாயின், அதில் எழுதியிருந்த கருத்தை மீண்டும் எழுதலாம், அச்சடிக்கலாம், ஆயிரம் படி எடுக்கலாம். எரிந்தது ஆளாயின், எந்த அச்சகம் அவனைத் திருப்பித் தரும்? இந்த எளிய கணக்கைச் சட்டம் எழுத்தில் அறிந்திருக்கிறது. அது தீர்ப்பிலும் அறியும் நாள்வரை, கேள்வி கேட்கும் கடமை நமக்கு உண்டு. கேட்போம்!